நெஞ்சுக்கு வெளியே நான்கு கம்பிகள்

திறந்த இதய அறுவை முடியும் தறுவாயில், பிளந்த மார்பெலும்பை மீண்டும் இழுத்துக் கட்டுவதற்குச் சற்று முன்னர், அறுவை மருத்துவர் ஒரு சிறு தையல் வேலையைச் செய்கிறார். கையிலிருப்பது மெல்லிய பலபுரி எஃகுக் கம்பி. அதன் ஒரு முனையில் சிறிய வளைந்த ஊசி, மறுமுனையில் நீண்ட நேர் ஊசி. வளைந்த ஊசி இதயத் தசையின் மேற்பரப்பில் ஆழம் போகாமல் நுழைந்து வெளிவருகிறது. காப்புறை நீக்கிய சிறு நீளம் மட்டும் தசைக்குள் தங்குகிறது. நேர் ஊசியோ விலா விளிம்புக்குக் கீழே தோலைத் துளைத்து உடலுக்கு வெளியே வருகிறது. ஊசியை ஒடித்துவிட்டால் எஞ்சி நிற்பது ஒரு மின்முனை. வழக்கமாக வலது மேலறைக்கு இரண்டு, வலது கீழறைக்கு இரண்டு என நான்கு கம்பிகள் இவ்வாறு வெளியே வரும். மேலறைக் கம்பிகள் நோயரின் வலப்பக்கத்திலும் கீழறைக் கம்பிகள் இடப்பக்கத்திலும் அமையவேண்டும் என்பது நெடுநாள் மரபு. நள்ளிரவில் துடிப்பு சரியும்போது எந்தக் கம்பி எந்த அறைக்குரியது என்று ஆராய்ந்துகொண்டிருக்க இயலாது. அந்த மரபு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பின்னர் ஓரிடத்தில் காண்போம்.

இக்கம்பிகள் சில நாள்களுக்கானவை. ஒரு கைப்பிடி அளவுள்ள மின்கலப் பெட்டியோடு இணைக்கப்பட்டு, தேவைப்படும்போது இதயத்தைத் துடிக்கச் செய்யும். தேவை தீர்ந்ததும் உருவி எடுக்கப்படும். தோலுக்கடியில் பொருத்தி ஆண்டுக்கணக்கில் சுமக்கும் நிலையான இதயமுடுக்கியைப் பலர் அறிவர். இந்த இடைக்கால முடுக்கத்தையோ, அறுவை செய்துகொண்டவர்களே பலவேளை அறியாமல் வீடு திரும்புகின்றனர்.

இதயம் தன் மின்தூண்டலைத் தானே ஆக்கிக்கொள்ளும் உறுப்பு. வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தருகே அமைந்த சிறு திசுக்கணு ஒன்று அத்தூண்டலைத் தொடங்கிவைக்கிறது. அதை 1907-ஆம் ஆண்டு ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் இங்கிலாந்தில் கண்டறிந்தனர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, செருமனியின் மார்பர்க் நகரில் பணியாற்றிய சப்பானியரான சுனாவோ தவாரா, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே நிற்கும் மற்றொரு கணுவை விளக்கியிருந்தார். மேலறையிலிருந்து கீழறைக்குத் தூண்டல் செல்ல இயல்பான வழி அந்த இடைக்கணுவும் அதிலிருந்து இறங்கும் ஒரே கடத்துக் கற்றையுமே. மற்ற இடமெங்கும் மின்னைக் கடத்தாத நார்த்திசு, இதயத்தின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிரித்து நிற்கிறது.

இந்தக் கடத்துக் கற்றை எங்கே செல்கிறது என்பதில்தான் அறுவை மருத்துவரின் இடர் தொடங்குகிறது. பெருந்தமனி வால்வின் வலது இதழும் பின்னிதழும் சந்திக்கும் மூலைக்குச் சற்றே கீழே, மெல்லிய சவ்வுத் தடுப்பை ஒட்டி அது இறங்குகிறது. முதுமையால் சுண்ணாம்பு படிந்து இறுகிய பெருந்தமனி வால்வை அகற்றிப் புதிய வால்வைத் தைக்கும்போது, சுண்ணாம்பைச் சுரண்டும் கருவியும் தைக்கும் ஊசியும் அந்தக் கற்றைக்குச் சில மில்லிமீட்டர் தொலைவிலேயே இயங்குகின்றன. மூவிதழ் வால்வைச் சீரமைக்கும்போதோ, இடைக்கணுவே தடுப்புச்சுவர்ப் பக்க இதழின் அருகில் கிடக்கிறது. ஊசி நேராகக் கற்றையைத் துளைத்துவிட்டால் கேடு நிலையானது. பெரும்பாலும் அவ்வாறு நேர்வதில்லை. தையலைச் சுற்றி நீர்கோத்து வீங்கிய திசு கற்றையை அழுத்துகிறது; வீக்கம் வடிந்ததும் கடத்தல் மீள்கிறது. அறுவையன்று மாலையில் இவ்விரண்டில் எது நேர்ந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. இடைக்காலக் கம்பியின் தேவை அங்கிருந்தே பிறக்கிறது.

கத்தியும் ஊசியும் தொடாத காரணங்களும் உண்டு. இதய நுரையீரல் பொறியின் துணையோடு அறுவை நடக்கும்போது, பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தி இதயத்தை நிறுத்திவைக்கின்றனர். குருதியோட்டம் மீண்ட பின்னும் குளிர்ச்சியும் பொட்டாசியமும் சற்றுநேரம் கணுக்களைச் சோம்பச் செய்கின்றன. அறுவைக்கு முன்பே உட்கொண்ட துடிப்புத் தணிப்பு மருந்துகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே வால்வைத் தொடாத, தமனி மாற்றுவழி அமைக்கும் அறுவையிலும் துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இறங்குவது புதிதன்று. அப்போது அதை 80 அல்லது 90-க்கு உயர்த்தினால் களைத்த இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடும். அறுவை முடிந்த முதல் இரவில் இதயத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் குருதியை வெளித்தள்ள இயலாது. துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவதே எளிய வழி.

இந்த இடைக்கால முடுக்கியின் பிறப்பு அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. வால்ட்டன் லில்லிகை 1954-ஆம் ஆண்டு முதல் அங்கே குழந்தைகளின் இதயத் தடுப்புச்சுவர்த் துளைகளைத் திறந்த அறுவையால் அடைக்கத் தொடங்கினார். துளையின் விளிம்பிலேயே கடத்துக் கற்றை ஓடுவதால், ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்குக் கடத்தல் முற்றாகத் தடைபட்டது. தொடக்கத்தில் அக்குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இல்லை. துளை செம்மையாக அடைபட்டிருக்கும், இதயமோ நின்றுபோகும். 1952-இல் பாசுட்டன் நகர மருத்துவர் பால் சோல் மார்பின் மேல் மின்முனைகளை வைத்து வெளியிலிருந்தே இதயத்தைத் துடிக்கச் செய்து காட்டியிருந்தார். ஆனால் தோலையும் மார்புத் தசையையும் கடந்து இதயத்தை எட்டப் பெரும் மின்னழுத்தம் வேண்டும். தோல் புண்ணாகும், தசைகள் துள்ளும். நாள்கணக்கில் அதைத் தாங்க எந்தக் குழந்தையாலும் இயலாது.

கடத்தல் தடைபட்டு இறந்த குழந்தைகளைப் பற்றிய ஒரு மருத்துவக் கலந்தாய்வில், உடலியங்கியலாளர் சான்சன் எளிய வழியொன்றைச் சொன்னார். ஆய்வகத்தில் தவளைத் தசையைத் துடிக்கவைக்கும் மின்தூண்டல் பெட்டி இருக்கிறது. இதயத் தசையிலேயே ஒரு கம்பியைத் தைத்து அதை இணைத்தால் என்ன? நாய்களிடம் ஆய்ந்து பார்த்தபின், 1957 சனவரி 30 அன்று மூன்று அகவைச் சிறுமி ஒருத்திக்கு லில்லிகை அதைச் செய்தார். தசையை நேராகத் தொடும் கம்பிக்குச் சில மில்லி ஆம்பியர் மின்னோட்டமே போதுமாயிருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் முறையின் அடிப்படை முழுவதும் அந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது. அதன்பின் வந்தவை யாவும் செப்பமிடல்களே என்பது என் துணிபு.

எனினும் அப்பெட்டி சுவர்மின்சாரத்தில் இயங்கியது. நோயர் எவ்வளவு தொலைவு நடக்கலாம் என்பதை நீட்டிப்புக் கம்பியின் நீளம் முடிவு செய்தது. 1957 அக்டோபர் 31 அன்று மினியாப்பொலிசு நகரில் மின்சாரம் நின்றது. அந்த இருளில் ஒரு குழந்தை இறந்ததாக ஏர்ல் பாக்கன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் மின்பொறியாளர். 1949-இல் மெட்டிரானிக் என்னும் சிறு நிறுவனத்தைத் தம் உறவினரோடு ஓர் ஊர்திக் கொட்டகையில் தொடங்கியவர். மின்கலத்தில் இயங்கும் ஒன்றைச் செய்துதருமாறு லில்லிகை அவரிடம் கேட்டார். இசைக்குத் தாளம் காட்டும் தட்டுக்கருவி ஒன்றின் மின்சுற்று, தொழில்நுட்ப இதழொன்றில் வெளிவந்திருந்தது பாக்கனுக்கு நினைவு வந்தது. இரண்டு டிரான்சிசுட்டர்களைக் கொண்ட அச்சுற்றைச் சற்றே மாற்றி, நான்கு கிழமைகளில் உள்ளங்கையில் அடங்கும் பெட்டியாக்கினார். விலங்குகளிடம் ஆய்வதற்காகக் கொடுத்துச் சென்றவர் மறுநாள் மருத்துவமனைக்கு வந்தபோது, அது ஏற்கெனவே ஒரு குழந்தையின் இதயத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய ஒப்புதல் நடைமுறைகளின் கண்கொண்டு பார்த்தால் திகைப்பூட்டும் விரைவுதான். ஆனால் சிறந்த கருவி கையிலிருந்தும் பயன்படுத்தாமல் ஒரு குழந்தையை இழக்க லில்லிகை விரும்பவில்லை.

குழந்தைகளுக்காகப் பிறந்த முறை இன்று மிகுதியும் பயன்படுவது அறுபது, எழுபது அகவை கடந்தோருக்கு. பெட்டியும் வளர்ந்துவிட்டது. துடிப்பு எண்ணிக்கை, மின்னோட்ட அளவு, இதயத்தின் சொந்தத் துடிப்பை உணரும் கூர்மை, மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட காலம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் திருகுகள் உள்ளன. பெட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை மூன்றெழுத்துக் குறியீடு சொல்லும். முதலெழுத்து எந்த அறையை முடுக்குகிறது என்பது. இரண்டாவது எந்த அறையை உணர்கிறது என்பது. மூன்றாவது உணர்ந்தபின் என்ன செய்கிறது என்பது. வி.வி.ஐ. என்றால் கீழறையை முடுக்கும், கீழறையின் சொந்தத் துடிப்பைக் கண்டால் தன்னை அடக்கிக்கொள்ளும். டி.டி.டி. என்றால் இரண்டு அறைகளிலும் முடுக்கவும் உணரவும் வல்லது. எதையும் உணராமல் கண்மூடித்தனமாக முடுக்கும் முறையும் உண்டு. மின்சூட்டுக் கத்தியால் குருதிக் கசிவை நிறுத்தும்போது அம்முறையே காப்பு. ஏனெனில் கத்தியின் மின்னிரைச்சலை இதயத்தின் துடிப்பென்று பிறழ உணர்ந்து பெட்டி வாளாவிருந்துவிடும்.

உணரும் கூர்மை குறைந்தால் எதிர்த்திசையில் கேடு வரும். இதயம் தானாகத் துடித்துக்கொண்டிருப்பதைப் பெட்டி காணாமல் தானும் தூண்டலைச் செலுத்தும். கீழறை தன் மின்னிலையை மீட்டுக்கொண்டிருக்கும் நொடிப்பகுதியில், அதாவது இதய மின்வரைவில் டி அலை எழும் வேளையில், அத்தூண்டல் விழுந்தால் கீழறை நடுக்கம் எழக்கூடும். அது உடனே உயிரைப் பறிக்கும் நிலை. இங்கே புதியவரைக் குழப்பும் ஒன்று: உணரும் கூர்மைத் திருகில் மில்லி வோல்ட் எண்ணைக் குறைத்தால் கூர்மை கூடுகிறது. எண் சிறிதானால் சிறிய அலையும் பெட்டிக்குத் தென்படும் என்பதே அதன் பொருள். பணிக்குப் புதியவர் எண்ணைக் கூட்டிக் கூர்மையைக் கூட்டிவிட்டதாக எண்ணுவது எளிதில் நிகழ்வது.

கீழறையை மட்டும் முடுக்கினால் போதாதா, மேலறைக் கம்பிகள் எதற்கு என்று கேட்கலாம். இதுவே இத்துறையில் மிகச் செறிந்த பகுதி என்பேன். கீழறை தளர்ந்திருக்கும்போது குருதி பெரும்பாலும் தானாகவே அதனுள் இறங்குகிறது. இறுதியில் மேலறை சுருங்கி எஞ்சியதை உள்ளே தள்ளுகிறது. நலமுள்ள இதயத்தில் இந்தக் கடைசித் தள்ளலின் பங்கு ஐந்தில் ஒன்றளவே. ஆனால் பெருந்தமனி வால்வு குறுகிய நிலையிலேயே பல ஆண்டுகள் உழைத்த இதயத்தை எண்ணிப் பாருங்கள். எதிர்ப்பை வெல்ல வேண்டிய இடது கீழறையின் சுவர் தடித்து விறைத்திருக்கும்; எளிதில் விரியாது. அதை நிரப்ப மேலறையின் தள்ளல் மிகவும் தேவை. அத்தகைய நோயருக்குக் கீழறையை மட்டும் முடுக்கினால், மேலறையும் கீழறையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இயங்கும். சிலவேளை மூடிய வால்வுக்கு எதிராக மேலறை சுருங்கும். துடிப்பு 90 என்று திரை காட்டும், குருதியழுத்தமோ விழுந்துகொண்டிருக்கும். மேலறையை முடுக்கி, நொடியின் ஏழில் ஒரு பங்கு போன்ற சிறு இடைவெளிக்குப்பின் கீழறையை முடுக்கியதும் அதே எண்ணிக்கையில் அழுத்தம் ஏறுவதை, தமனிக்குள் அழுத்தத்தை அளக்கும் குழாய் காட்டும் அலையிலேயே காணலாம்.

மேலும், வலது கீழறையின் மேற்பரப்பிலிருந்து தொடங்கும் தூண்டல் கடத்துக் கற்றையின் வழியே பாயாமல் தசையினூடாக மெல்லப் பரவுகிறது. ஆகவே இடது கீழறையின் ஒரு சுவர் முந்தியும் மறுசுவர் பிந்தியும் சுருங்குகின்றன. எனவே கடத்தல் நலமாயிருக்கும் நோயருக்கு மேலறையை மட்டும் முடுக்கிவிட்டு, மற்றதை இதயத்தின் சொந்தக் கம்பிக்கே விட்டுவிடுவது சிறப்பு. பெட்டியின் இடைவேளைத் திருகைச் சற்று நீட்டினாலே இயல்பான கடத்தல் முந்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். மேலறை நடுக்கம் வந்துவிட்டால் மட்டும் இத்தனை நுட்பமும் பயனற்றுப்போகும். ஒழுங்கற்று நடுங்கும் மேலறையை எந்தப் பெட்டியாலும் முடுக்க இயலாது. இதய அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அந்நடுக்கம் வருகிறது.

மேலறைக் கம்பிக்கு வேறொரு பணியும் உண்டு. துடிப்பு விரைந்து, மின்வரைவில் மேலறையின் அலை தென்படாமல் குழம்பும்போது, அக்கம்பியையே மின்வரைவுப் பொறியோடு இணைத்தால் மேலறை தனித்து என்ன செய்கிறது என்று பெரிதாகத் தெரியும். நிமிடத்துக்கு 300 அளவில் மேலறை சுழன்றடிக்கும் படபடப்பு அது என்றால், அதைவிடச் சற்று விரைவாகச் சில நொடிகள் முடுக்கிச் சட்டென நிறுத்த, பலவேளை இயல்பு மீளும். மருந்தும் வேண்டா, மயக்கமும் வேண்டா. வலப்பக்கம் மேலறை, இடப்பக்கம் கீழறை என்னும் மரபைத் தொடக்கத்தில் குறித்தது இதற்காகவே. அந்த விரைவு முடுக்கத்தைத் தவறிக் கீழறைக் கம்பிக்குச் செலுத்தினால் விளைவு சாவாகக்கூடும்.

இனிக் கம்பியின் பெருங்குறைக்கு வருவோம். இதயத் தசையைத் துடிக்கவைக்க வேண்டிய மிகக் குறைந்த மின்னோட்டத்தைப் பயன்தொடக்க அளவு என்பர். தைத்த அன்று அது ஓரிரு மில்லி ஆம்பியர் இருக்கும். உடலுக்குக் கம்பி அயற்பொருள். அதைச் சுற்றித் திசு அழன்று, பின் நார்த்திசு படிகிறது. நாளுக்கு நாள் பயன்தொடக்க அளவு ஏறி, ஒரு கிழமைக்குள் அல்லது சற்றுப் பின்னர்ப் பல கம்பிகள் செயலற்றுப்போகின்றன. மேலறைச் சுவர் மெல்லியதாதலால் அங்கே இது முந்தி நேரும். ஆதலால் நாள்தோறும் அளந்து பார்ப்பது கடமை. இதயத்தின் சொந்தத் துடிப்பைவிடச் சற்று விரைவாக முடுக்கிக்கொண்டே மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பர். தூண்டலுக்குப்பின் துடிப்பு எழாத புள்ளி வந்ததும், மீண்டும் கூட்டித் துடிப்பு பிடிக்கும் அளவைக் குறித்துக்கொண்டு, அதன் இரு மடங்கில் பெட்டியை நிறுத்துவர். அளக்கும் முன் இதயத்தின் அடிப்படைத் துடிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். அது அறவே இல்லாத நோயரிடம் மின்னோட்டத்தைக் குறைத்து விளையாடலாகாது.

கருவியைப் பற்றி நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நடைமுறையில் உயிர் காப்பது இந்தக் காலைநேர அளவீடுதான். முந்தைய நாள் 2 மில்லி ஆம்பியர், இன்று 6 என்று ஏட்டில் எழுதியிருந்தால் அடுத்த நாளின் நெருக்கடியை ஒருநாள் முன்பே காணலாம். கம்பி பிடிமானத்தை இழந்தால் மின்னோட்டத்தைக் கூட்டலாம். இரு முனைகளையும் பெட்டியில் இடம்மாற்றி இணைத்துப் பார்க்கலாம். செயலற்ற கம்பிக்கு ஈடாகத் தோலில் ஒரு தையல் மின்முனையை வைக்கலாம். அவையும் தோற்றால் மார்பின் மேல் ஒட்டும் மின்தகடுகளும், சிரை வழியே உட்செலுத்தும் கம்பியும் உள்ளன.

பயன்படாத நேரத்தில் கம்பிமுனைகளைக் காப்புறையிட்டு மூடிவைக்கவேண்டும். நேராக இதயத்தைத் தொடும் கம்பியின் வழியே மில்லி ஆம்பியரின் பத்தில் ஒரு பங்களவுச் சுவர்மின் கசிவு போனாலும் கீழறை நடுக்கம் எழலாம். தோலில் பட்டால் உணரவும் இயலாத மின்னோட்டம் அது. கையுறையின்றிக் கம்பியைத் தொடக்கூடாது என்று செவிலியருக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

இதயம் தானே சீராகத் துடிக்கத் தொடங்கி ஓரிரு நாள் கழிந்தபின் கம்பிகளை உருவுகின்றனர். படுக்கையிலேயே, தொடர்ந்த மென்மையான இழுப்பில், சில நொடிகளில் முடிந்துவிடும். எளிய செயலாகத் தோன்றுவதே அதன் இடர். கம்பி வெளிவரும்போது தசையிலோ, அருகிலுள்ள மாற்றுவழி ஒட்டுக்குழாயிலோ சிறு கிழிசல் ஏற்பட்டால், இதய உறைக்குள் குருதி தேங்கி இதயத்தை நெருக்கும். நிலவில் முதலில் கால்பதித்த நீல் ஆம்சுட்ராங் 2012-ஆம் ஆண்டு, 82 அகவை நிறைந்த சில நாள்களில் தமனி மாற்றுவழி அறுவை செய்துகொண்டார். அறுவைக்குப்பின் இடைக்காலக் கம்பிகளை உருவியபோது இதய உறைக்குள் குருதி கசிந்ததாகவும், அதையடுத்த நாள்களில் அவர் இறந்ததாகவும், 2019-இல் நியூயார்க் டைம்சு நாளிதழ் வெளிப்படுத்தியது. அத்தகைய சாவு மிக அரிது. எனினும் குருதி உறையும் திறனைப் பார்த்த பின்னரே உருவுவதும், உருவியபின் சில மணிநேரம் துடிப்பையும் அழுத்தத்தையும் அடிக்கடி குறிப்பதும், வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் உருவாமலிருப்பதும் இந்த அரிய நிகழ்வுக்காகத்தான். உருவிய நோயரின் அழுத்தம் இறங்கி, துடிப்பு ஏறி, கழுத்துச் சிரை புடைத்தால் மறுபேச்சின்றி மார்பைத் திறக்க ஆயத்தமாகவேண்டும்.

இவ்விடரை எண்ணி, எளிய தமனி மாற்றுவழி அறுவையில் கம்பியே வேண்டா என்போர் உளர். துடிப்பு சீராகத் தொடங்கிய இளைய நோயருக்கு அவர்கள் சொல்வது பொருந்தும். வால்வு அறுவையில் நான் அப்பக்கம் சாயமாட்டேன். அமெரிக்காவின் நார்த்வெசுட்டர்ன் பல்கலைக்கழகத்தில் சான் ரோசர்சு குழுவினர் 2021-இல், கம்பியும் மின்கலமும் இன்றி இயங்கி, பணிமுடிந்தபின் உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் முடுக்கியைக் காட்டினர். 2025-இல் அதை அரிசிமணியினும் சிறிதாக்கி, மார்பின் மேல் ஒட்டிய பட்டையின் ஒளியால் இயக்கினர். உருவ வேண்டிய தேவையே இல்லாத கருவி என்னும் எண்ணம் மிகச் சரியானது. அன்றாடப் பண்டுவத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கடத்தல் மீளாதவர்களுக்கு நிலையான முடுக்கி பொருத்தவேண்டும். எப்போது என்பதே கேள்வி. விரைந்தால் வீக்கம் வடிந்து மீளக்கூடிய இதயத்துக்கு வாழ்நாள் கருவியைச் சுமத்துவோம். காத்திருந்தால் இடைக்காலக் கம்பி செயலிழக்கும். 2021-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல், முழுக் கடத்தல் தடைக்குக் குறைந்தது ஐந்து நாள் காத்திருக்கச் சொல்கிறது. கீழறை தானே எழுப்பும் மாற்றுத் துடிப்பு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தால் முந்தலாம் என்கிறது. கம்பியின் ஆயுளும் வீக்கம் வடியும் காலமும் ஏறக்குறைய ஒரே கிழமைக்குள் வந்து முட்டுகின்றன என்பதை இந்த ஐந்து நாள் கணக்கு ஒத்துக்கொள்கிறது.

சிலவேளை கம்பி இழுப்புக்கு வராது. வலிந்து இழுப்பதைவிடத் தோலோடு ஒட்ட வெட்டிவிட்டு எஞ்சியதை உள்ளேயே விட்டுவிடுவது பாதுகாப்பு. அது தன்பாட்டுக்குக் கிடக்கும். மிக அரிதாகவே சீழ்பிடித்தோ இடம்பெயர்ந்தோ தொல்லை தரும். ஆண்டுகள் கழிந்து முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனவரின் மார்புப் படத்தில் மெல்லிய கோடொன்று தெரிந்து பணியாளர் தயங்குவதுண்டு. வெட்டிவிடப்பட்ட இத்தகைய கம்பித்துண்டு அந்தப் படமெடுப்புக்குப் பொதுவாகத் தடையாகாது. அது என்னவென்று நோயர் அறிந்திருந்தால் அத்தயக்கம் அன்றே தீரும். ஆகவே கம்பியை வெட்டிவிட்ட செய்தியை அவர் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் மருத்துவச் சுருக்கத்தில் ஒரு வரியாக எழுதிக் கொடுக்கவேண்டும்.